மார்ச் 7க்குப் பிறகு மகளுக்கு மாஸ்க் போட்டு அனுப்புவதா, வேண்டாமா?

வணக்கம். நியூ ஜெர்சியில் பள்ளிப் பிள்ளைகள் உள்ளவர்களிடம் ஒரு உதவி.

கொரோனாவுக்காகப் போட்ட மாஸ்க், 2022 மார்ச் 7 முதல் பள்ளிகளில் கட்டாயமில்லை என்று கவர்னர் பில் மர்ஃபி அறிவித்துவிட்டார். எங்கள் பள்ளி மாவட்டமும் பெற்றோர் விருப்பம் என்று விட்டுவிட்டது.

மகளுக்கு எட்டு வயது. 2021 நவம்பரில் 5 முதல் 11 வயதுக்காரர்களுக்கு ஃபைசர் தடுப்பூசி வந்ததும் இரண்டு டோஸும் போட்டாயிற்று. அவளைப் பற்றி எனக்குப் பெரிய பயமில்லை. ஆனால் அவள் தம்பிக்கு மூன்று வயதுதான். ஐந்துக்குக் கீழே உள்ளவர்களுக்கு இந்த 2022 பிப்ரவரி வரை தடுப்பூசியே வரவில்லை. அப்புறம் மாமனார். சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்தவர், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரையைத் தினமும் சாப்பிடுகிறார். ஊசி போட்டவர்களையும் ஒமிக்ரான் வகை கொரோனா விடவில்லை என்பதை ஜனவரியில் எல்லோரும் பார்த்தோம்.

மாசசூசெட்ஸில் ஒரு பள்ளியில் 80 சதவீதம் பேர் ஊசி போட்டிருந்தால், போட்டவர்கள் மாஸ்க்கைக் கழற்றலாம் என்று வைத்திருந்தார்கள். எனக்கு அது நியாயமாகப் படுகிறது. இங்கே தேதிதான் சொல்கிறார்கள்.

"எங்க டீச்சர் சிரிச்சா எப்படி இருப்பாங்கன்னே தெரியலைம்மா" என்று நேற்று மகள் சொன்னாள். மனசு கேட்கவில்லை.

வீட்டில் இப்படி நோயாளிகளோ சின்னக் குழந்தைகளோ உள்ளவர்கள் என்ன முடிவெடுத்தீர்கள்? சாப்பாட்டு நேரத்தில் தள்ளி உட்கார வைக்கச் சொல்லிப் பள்ளியில் யாராவது கேட்டதுண்டா? வகுப்பில் அவள் மட்டும் மாஸ்க்கோடு இருந்து, மற்ற பிள்ளைகள் கேலி செய்தால் என்ன பதில் சொல்லிக் கொடுக்கலாம்? உங்கள் அனுபவத்தைத் தயவுசெய்து எழுதுங்கள்.