உடைந்தது, உடைத்தார்கள்: ஸ்பானிய மொழியுடன் குற்றவியல் படித்தவர்களின் அனுபவங்கள்

மூன்றாம் ஆண்டை அர்ஜென்டினாவில் படித்தவர் எழுதுகிறார்:

ஸ்பானிய மொழியையும் பண்பாட்டையும் குற்றவியலோடு சேர்த்து ஒரே பட்டமாகப் படிக்கிறேன் என்று சொன்னால், கேட்பவர்கள் எல்லோரும் இரண்டுக்கும் என்ன தொடர்பு என்றுதான் கேட்பார்கள். முதலாண்டில் என்னிடம் அதற்குப் பதில் இல்லை. இரு துறைகளும் வெவ்வேறு கட்டடங்களில் இருந்தன. ஒரு துறையின் ஆசிரியர்களுக்கு மற்றத் துறையில் என்ன நடத்துகிறார்கள் என்பது தெரியாது. காலையில் வினைத்திரிபு அட்டவணைகளை மனப்பாடம் செய்துவிட்டு மாலையில் தண்டனைக் கோட்பாடுகளைப் படிக்கும்போது, ஒரு பட்டத்துக்கு அல்ல, இரண்டு பட்டங்களுக்குப் படிப்பதாகவே தோன்றும்.

பதில் ஓர் இலக்கண வகுப்பில் கிடைத்தது. மேசை விளிம்பில் இருந்த சாக்பீஸ் பெட்டி ஆசிரியரின் முழங்கை பட்டுக் கீழே விழுந்தது. உள்ளே இருந்தவை துண்டு துண்டாகின. அவர் அவற்றைப் பொறுக்காமல், கையில் மிஞ்சியிருந்த சாக்பீஸால் பலகையில் இரண்டு வாக்கியங்களை எழுதினார். ஒன்று 'லோ ரொம்பி', அதாவது நான் அதை உடைத்தேன். மற்றொன்று 'செ மெ ரொம்பியோ'. அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், எனக்கு அது உடைந்துகொண்டது என்பதுபோல் வரும்.

உடன் படித்தவர்களில் பலருக்கு இரண்டாவது வாக்கியம் பிடிபடவில்லை. பொருள் தானாக எப்படி உடையும், இதில் 'எனக்கு' எதற்கு என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். எனக்கோ விளக்கமே தேவைப்படவில்லை. கை தவறிக் கண்ணாடிக் குவளை விழுந்தால் நாம் உடைத்துவிட்டேன் என்று சொல்வதில்லை, உடைந்துவிட்டது என்கிறோம். உடைந்தது, உடைத்தது, முறிந்தது, முறித்தது, மறைந்தது, மறைத்தது என்று ஓரெழுத்து மாற்றத்திலேயே, செய்தவரை வாக்கியத்துக்குள் கொண்டுவரவும் வெளியே நிறுத்தவும் தமிழ் பேசும் குழந்தை பள்ளிக்குப் போகுமுன்பே கற்றுக்கொண்டுவிடுகிறது.

அதே பருவத்தில் குற்றவியல் துறையில் கண்கண்ட சாட்சிகளின் நினைவாற்றல் பற்றிப் படித்தோம். கேட்லின் ஃபௌஸி, லெரா பொரோடிட்ஸ்கி ஆகிய இருவரும் 2011ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு அந்தப் பாடத்தில் இருந்தது. ஒருவர் வேண்டுமென்றே பலூனை உடைப்பது, அதையே தற்செயலாக உடைப்பது போன்ற காணொளிகளை ஆங்கிலம் பேசுவோருக்கும் ஸ்பானிய மொழி பேசுவோருக்கும் காட்டி, செய்தவர் யார் என்று பிறகு கேட்டிருந்தார்கள். வேண்டுமென்றே செய்தவரை இரு தரப்பினரும் ஒரே அளவில் நினைவில் வைத்திருந்தார்கள். தற்செயலாகச் செய்தவரை ஸ்பானிய மொழி பேசுவோர் அந்த அளவுக்கு நினைவில் வைத்திருக்கவில்லை. அதைத் தொடர்ந்து, காவல் விசாரணைப் பதிவுகளை ஆராய்ந்த மொழியியலாளர் லூனா ஃபிலிபோவிச்சின் கட்டுரையைப் படித்தோம். ஒரு பெண் விழுந்தது பற்றி விசாரிக்கப்பட்டவர் 'செ மெ கயோ' என்கிறார். கை தவறி விழுந்துவிட்டாள் என்ற பொருளில் அவர் சொன்னது, ஆங்கிலப் பதிவில் நான் அவளைக் கீழே போட்டேன் என்று ஏறிவிடுகிறது. ஒருவர் தெரிந்து செய்தாரா, தெரியாமல் நேர்ந்ததா என்பதைப் பிரிப்பதற்காகவே குற்றவியல் சட்டம் இவ்வளவு நுணுக்கமாக எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பிரிவினையை ஒரு மொழிபெயர்ப்பாளர் ஒரே வரியில் அழித்துவிட முடியும் என்று அன்று கண்டேன். இரு துறைகளுக்கும் இடையே இருந்த தூரம் எனக்கு அந்த வாரத்தோடு போய்விட்டது.

மூன்றாம் ஆண்டை ஸ்பானிய மொழி பேசும் நாடு ஒன்றில் படிக்க வேண்டும் என்பது எங்கள் பாடத்திட்டத்தின் விதி. நான் புவெனஸ் அயர்ஸைத் தேர்ந்தெடுத்தேன். அங்கே நான் எழுதிய முதல் கட்டுரை, 1976 முதல் 1983 வரை நீடித்த இராணுவ ஆட்சியைப் பற்றியது. "ஆயிரக்கணக்கானோர் காணாமல் போனார்கள்" என்று தொடங்கியிருந்தேன். திருத்தப்பட்டு வந்த தாளில் அந்த வினைச்சொல்லின் கீழே ஒரு கோடும், பக்க ஓரத்தில் ஒரே ஒரு சொல்லும் இருந்தன: "கியென்?" யார்? இலக்கணப்படி என் வாக்கியத்தில் பிழையே இல்லை. 'தெசபரெசேர்' என்ற வினைக்கு மறைந்துபோதல் என்றுதான் அகராதியில் முதற்பொருள் இருக்கிறது. பொதுவாக அது செயப்படுபொருளை ஏற்காத வினை. ஆனால் இராணுவம் ஆட்களை வீடுகளிலிருந்தும் வேலையிடங்களிலிருந்தும் தூக்கிச் சென்று, சித்திரவதை செய்து, கொன்று, உடலையும் கிடைக்காமல் செய்த அந்நாட்டில், மக்கள் அந்த வினைக்குச் செயப்படுபொருளைக் கொடுத்துவிட்டார்கள். 'லோ தெசபரெசியேரோன்', அவனை மறைத்தார்கள் என்று சொல்லத் தொடங்கினார்கள்.

ஆட்சித் தலைவர் விதேலா 1979ஆம் ஆண்டு செய்தியாளர்களிடம், காணாமல் போனவர் உயிரோடும் இல்லை, இறந்தும் இல்லை, காணாமல் போனவர், அவ்வளவுதான் என்ற பொருளில் பேசிய பதிவை வகுப்பில் காட்டினார்கள். அவருக்கு வேண்டியிருந்தது தன்வினை, பிள்ளைகளைத் தேடிய தாய்மார்களுக்கு வேண்டியிருந்தது பிறவினை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். காணாமல் போனவர் என்பதை மறுத்து, காணாமல் ஆக்கப்பட்டவர் என்ற சொல்லைத் தமிழும் தன் துயரத்திலிருந்து உருவாக்கி வைத்திருக்கிறது. ஆகவே ஆசிரியர் கேட்ட 'யார்?' என்ற கேள்வி எனக்குப் புதிய கேள்வி அல்ல. அதை நான் கேட்காமல் எழுதியதுதான் இன்றும் உறுத்துகிறது.

இரகசியத் தடுப்பு முகாமாக இருந்த கடற்படை இயந்திரவியல் பள்ளிக்கு ஒருநாள் எங்களை அழைத்துச் சென்றார்கள். இப்போது அது நினைவகம்; 2023இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதிகாரிகள் தங்கியிருந்த கட்டடத்தின் மேல்மாடத்தில், சாய்வுக் கூரையின் கீழ், நிமிர்ந்து நிற்க இடம் போதாத ஒரு மூலையில் நின்றுகொண்டு வழிகாட்டி 'திரஸ்லாதோ' என்ற சொல்லை விளக்கினார். இடமாற்றம் என்று பொருள்படும் சாதாரணமான அலுவலகச் சொல் அது. அங்கே அதற்கு, மயக்க ஊசி போட்டு விமானத்தில் ஏற்றி உயிரோடு நீர்ப்பரப்பில் தள்ளுதல் என்று பொருள். கைதி இடமாற்றம் என்ற தலைப்பில் எத்தனையோ ஆவணங்களைப் படிப்பவன் நான். அந்தச் சொல்லை இப்போது எங்கே பார்த்தாலும், அதை எழுதியவர் யார் என்று பார்க்காமல் தாண்டுவதில்லை.

வியாழக்கிழமைகளில் மாலை மூன்றரை மணிக்குப் பிளாசா தெ மாயோ சதுக்கத்துக்குச் சென்று, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அன்னையர் சுற்றிவரும் வலத்தைப் பார்ப்பேன். 1977 ஏப்ரலில் அவர்கள் முதன்முதலாகக் கூடியபோது, கூட்டமாக நிற்பது தடை செய்யப்பட்டிருந்ததால் காவலர்கள் 'சிர்குலென்' என்று விரட்டினார்கள்; நிற்காமல் நகருங்கள் என்று பொருள். அதே சொல்லுக்குச் சுற்றிவருதல் என்ற பொருளும் உள்ளே இருக்கிறது. அந்தப் பெண்கள் இருவர் இருவராகக் கைகோத்துச் சதுக்கத்தின் நடுவே உள்ள தூணைச் சுற்றிவரத் தொடங்கினார்கள். தலையில் கட்டிய வெள்ளைத் துணி முதலில் குழந்தைகளுக்குக் கட்டும் அணையாடைத் துணி.

மாட்ரிட்டில் ஓராண்டு படித்தவர் எழுதுகிறார்:

மேலே எழுதியவரின் 'யார்?' என்ற கேள்வியைப் படித்தபோது, எனக்கு ஸ்பெயினின் ஒரு வழக்கு நினைவுக்கு வந்தது. அங்கே அந்தக் கேள்விக்கான பதிலை அடித்து வரவழைத்தார்கள். 1910ஆம் ஆண்டு குவென்கா மாகாணத்தில் ஹொசே மரியா கிரிமால்தோஸ் என்ற ஆட்டிடையர் ஊரைவிட்டுப் போய்விட்டார். அவரை இருவர் கொன்றுவிட்டதாகப் புகார் எழுந்தது. 1913இல் வழக்கு மறுபடியும் திறக்கப்பட்டு, சிவில் காவல்படையினரின் சித்திரவதை தாங்காமல் கிரகோரியோ வலேரோ, லியோன் சான்செஸ் ஆகிய இருவரும் செய்யாத கொலையை ஒப்புக்கொண்டார்கள். உடல் கிடைக்கவே இல்லை. 1918இல் பதினெட்டு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 1926இல் வேறோர் ஊரில் திருமணம் செய்துகொள்வதற்காகக் கிரிமால்தோஸின் ஞானஸ்நானச் சான்றிதழை அவ்வூர்ப் பாதிரியார் கேட்டு எழுதிய பிறகுதான், 'கொல்லப்பட்டவர்' உயிரோடு இருப்பது தெரியவந்தது. அர்ஜென்டினாவில் கொல்லப்பட்டவர்களைக் காணாமல் போனவர்கள் என்றார்கள்; இங்கே காணாமல் போனவரைக் கொல்லப்பட்டவர் ஆக்கினார்கள். பொய் வாக்குமூலம் பற்றி எத்தனையோ பாடநூல்கள் படித்தபோதும், அந்தக் கடிதம் ஒன்றுதான் எனக்கு மனத்தில் நிற்கிறது.

சட்டச் சொற்களைக் கற்கும் புதியவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தின் வழியாக ஸ்பானிய மொழிக்கு வருபவர்கள் 'அசெசினாதோ' என்பதை அரசியல் தலைவர்களைக் கொல்வது என்று எடுத்துக்கொள்வார்கள். நானும் ஒரு தேர்வில் அப்படி எழுதி மதிப்பெண் இழந்தேன். ஸ்பெயினின் தண்டனைச் சட்டத்தில், எதிர்த்துத் தற்காத்துக்கொள்ள வழியில்லாதபடி தாக்குவது, கூலிக்குக் கொல்வது, வேண்டுமென்றே துன்பத்தைப் பெருக்கிக் கொல்வது போன்ற நிலைகளில் நிகழும் கொலைதான் அது. பதினைந்து முதல் இருபத்தைந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. அந்த நிலைகள் இல்லாத கொலை 'ஒமிசீதியோ'; அதற்குப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள். கொல்லப்பட்டவர் யார் என்பது அல்ல, எப்படிக் கொல்லப்பட்டார் என்பதே இங்கே இரண்டையும் பிரிக்கிறது.

பொதுமக்கள் அமரக்கூடிய நீதிமன்ற விசாரணைகளுக்கு நான் வாரம் ஒருமுறை சென்றேன். 2015ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், விசாரணையின் தொடக்க நிலையில் உள்ளவரைக் குறிக்கும் 'இம்புதாதோ' என்ற சொல்லை நீக்கி, விசாரிக்கப்படுபவர் என்று பொருள்படும் 'இன்வெஸ்திகாதோ' என்ற சொல்லை வைத்திருந்தது. பழைய சொல் ஒருவரைத் தீர்ப்புக்கு முன்பே குற்றவாளி ஆக்கிவிடுகிறது என்பதுதான் காரணம். இதுபோன்ற மாற்றம் வெறும் பூச்சு என்று வகுப்பில் சிலர் வாதிட்டார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பெயரோடு ஒட்டிக்கொண்ட சொல்லால் வேலையையும் உறவையும் இழந்தவர்கள் உண்டு. அவர்கள் பின்னர் விடுவிக்கப்பட்டாலும் ஊரின் வாயில் அந்தச் சொல் தங்கிவிடும்.

கொலம்பியாவைப் பற்றி ஆய்வேடு எழுதியவர் எழுதுகிறார்:

என்னுடையது சிறிய அனுபவம். இராணுவம் பொதுமக்களைக் கொன்றது பற்றிப் புள்ளிவிவரங்களை மட்டும் வைத்து எழுதிவிடலாம் என்று நினைத்து ஆய்வைத் தொடங்கினேன். மொழி எனக்குத் துணைக்கருவி மட்டுமே. கொலம்பிய இராணுவத்தின் பேச்சில், போரில் எதிரியை வீழ்த்தியதற்குப் 'பொசிதீவோ', அதாவது நேர்மறை என்று பெயர். கணக்கில் ஏறும் வெற்றி. கணக்கு கூடினால் விடுப்பும் பதக்கமும் கிடைத்த சூழலில், வேலை தருவதாகச் சொல்லி ஏழை இளைஞர்களை அழைத்துச் சென்று கொன்று, கெரில்லாக்கள் என்று காட்டினார்கள். தலைநகர் பொகோட்டாவை அடுத்துள்ள சொவாச்சாவிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட இளைஞர்களின் உடல்கள் தொலைவில் உள்ள ஒகான்யா பகுதியில் கிடைத்தபோது, 2008இல் அது நாடறிந்த செய்தியானது. 2002 முதல் 2008 வரை இவ்வாறு கொல்லப்பட்டவர்கள் குறைந்தது 6,402 பேர் என்று அரசும் கெரில்லாக்களும் செய்துகொண்ட அமைதி உடன்படிக்கையின்படி அமைந்த சிறப்பு நீதிமன்றம் 2021இல் அறிவித்தது.

இதற்கு நிலைத்துவிட்ட பெயர் 'ஃபல்சோஸ் பொசிதீவோஸ்', பொய்யான நேர்மறைகள். ஆய்வகப் பரிசோதனை முடிவு ஒன்றில் ஏற்பட்ட பிழையைப் போல ஒலிக்கும் பெயர். இந்தச் சொற்றொடர், குற்றத்துக்கு ஒரு தொழில்நுட்பப் பூச்சைத் தருகிறது என்று ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் ஃபிலிப் ஆல்ஸ்டன் 2009இலேயே எச்சரித்திருந்தார். நான் அதைப் படிக்கும் முன்பு, என் அட்டவணையின் தலைப்பிலேயே அந்தச் சொல்லை மேற்கோள்குறிகூட இல்லாமல் போட்டிருந்தேன். இன்னும் மோசமானது, அரசின் பழைய கணக்குகளில் இதே மரணங்கள் போரில் வீழ்ந்தவர்கள் என்ற வரிசையில் கிடந்தன. ஸ்பானிய மொழியில் வந்த தாய்மார்களின் வாக்குமூலங்களைப் படிக்காமல் அந்த எண்களை மட்டும் எடுத்திருந்தால், கொன்றவர்கள் எழுதிய கணக்கையே நான் என் முடிவாக எழுதியிருப்பேன்.

அட்டவணையைக் கலைத்து மீண்டும் அமைக்க ஆறு வாரங்கள் ஆயின. கடைசி வரைவில், 'இளைஞர்கள் கொல்லப்பட்டனர்' என்று இருந்த இடங்களையெல்லாம் தேடி எடுத்து, ஆவணம் இடம் தந்த ஒவ்வோரிடத்திலும் 'இராணுவத்தினர் இளைஞர்களைக் கொன்றனர்' என்று மாற்றினேன்.