வால் பைப்பை எதில் தாங்கவைப்பது, எஞ்சினிலா பிரேமிலா?

நாகமலைப்பறவை:
வணக்கம். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு ஷெட்டில், இரண்டு பேர் உட்காரும் சிறு விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். பாதி வேலை முடிந்த கிட்டாக வேறொருவரிடம் வாங்கியது. எஞ்சின் ரோட்டாக்ஸ் 912, 80 குதிரைத்திறன். டிஜிசிஏ (விமானப் போக்குவரத்துத் துறை) அனுமதி வேலை ஒரு பக்கம் நடக்கிறது. அது வரும்வரை சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வாலைக் கயிற்றில் கட்டி, தரையில் எஞ்சினை ஓட்டிப் பார்ப்பதோடு சரி.

விஷயத்துக்கு வருகிறேன். நான்கு சிலிண்டரிலிருந்தும் புகையைக் கொண்டுவரும் எக்ஸாஸ்ட் பைப்புகள் கீழே சைலன்சரில் சேருகின்றன. சைலன்சரிலிருந்து வெளியே போகும் வால் பைப் ஏறக்குறைய அரை மீட்டர். அது ஆடாமலிருக்க, முன்பு கட்டியவர் ஒரு இரும்புப் பட்டையை வளைத்து ஒரு முனையை வால் பைப்பில் வெல்டிங் செய்து, மறு முனையை, எஞ்சினை விமானத்தோடு தாங்கும் மவுண்ட் பிரேமில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறார். போன வாரம் கவுலிங்கை (எஞ்சின் மூடியை) கழற்றியபோது அந்த வெல்டிங் ஓரத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தது, சுற்றிலும் சாம்பல் நிறத்தில் புகைக்கறை. நகத்தை வைத்து இழுத்தால் தட்டுகிறது.

கப்பலூரில் ஆர்கான் வெல்டிங் செய்யும் அண்ணன் ஒருவர், பட்டையை இன்னும் கனமாகப் போட்டு இரண்டு பக்கமும் முட்டு கொடுத்துவிட்டால் அசையாது என்கிறார். அவர் கை சுத்தமான கை, அதில் சந்தேகமே இல்லை, ஆனால் அவர் பார்ப்பதெல்லாம் லாரி, ஜெனரேட்டர் சைலன்சர்கள். கனம் கூட்டினால் தீருமா, இல்லை பிடித்திருக்கும் இடமே தப்பா?

பழைய ஸ்பேனர்:
தம்பி, கனம் கூட்டாதீர்கள். பட்டை உடையாது, பைப் உடையும், அவ்வளவுதான் வித்தியாசம். அசையாமல் பிடிக்கப் பார்ப்பதுதான் இங்கே கோளாறு.

எஞ்சின் ரப்பரில் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டார்ட் ஆகும்போதும் நிறுத்தும்போதும் அது எவ்வளவு குலுங்கும் என்று பக்கத்தில் நின்று பார்த்தவருக்குத் தெரியும், அதிலும் 912 குறைந்த வேகத்தில் ரொம்பவே உதறும். சைலன்சர் எஞ்சினோடு ஆடுகிறது, பிரேம் விமானத்தோடு நிற்கிறது, நடுவில் உங்கள் பட்டை. அந்த ஆட்டம் முழுக்க வெல்டிங் ஓரத்தில்தான் போய் முறிகிறது. ஆகவே முதல் காரியம் அந்தப் பட்டையை எடுத்துவிட்டு, எஞ்சின் பக்கத்திலிருந்தே தாங்கல் கொடுப்பது. சைலன்சரும் தாங்கலும் எஞ்சினும் ஒன்றாக ஆட வேண்டும்.

அப்புறம் சூடு. எக்ஸாஸ்ட் பைப்புக்குப் போடும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் (எஸ்.எஸ்.) ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, 17 மைக்ரான் அளவில் நீளும். அரை மீட்டர் பைப் 600 டிகிரி ஏறினால் 5 மில்லிமீட்டருக்கு மேல் வந்துவிடும். எஞ்சின் பிளாக் அவ்வளவு சூடாகாது, அவ்வளவு நீளாது. இரண்டு முனையையும் இறுக்கிவிட்டால் அந்த 5 மில்லிமீட்டர் எங்கே போகும்? ரோட்டாக்ஸில் பைப்பும் சைலன்சரும் சேரும் இடத்தில் குண்டு மூட்டும் ஸ்பிரிங்கும் வைத்திருப்பதே இதற்காகத்தான். அந்த மூட்டு திரும்ப முடியாதபடி வேறு ஒரு பட்டை பிடித்துக்கொண்டால் மூட்டு இருந்தும் பயனில்லை.

அமெரிக்காவில் லைகமிங் எஞ்சின் போட்டு வீட்டில் விமானம் கட்டுகிறவர்கள் செய்வது எளிமையான வேலை. வால் பைப்பில் ஒரு எஸ்.எஸ். கிளாம்ப், அதிலிருந்து சன்னமான குழாய் மேலே போகும், இன்னொரு சன்னக் குழாய் எஞ்சினின் ஆயில் சம்ப் போல்ட்டிலிருந்து கீழே வரும், இரண்டுக்கும் நடுவில் ஒரு துண்டு ரப்பர் ஹோஸ், மேலும் கீழும் ஹோஸ் கிளிப். எடையைத் தாங்கும், அதிர்வை விழுங்கும், பைப் நீள்வதற்கும் கொஞ்சம் இடம் கொடுக்கும். ரப்பர் பைப்பை ஒட்டி இருக்கக் கூடாது, வெந்துவிடும், எஞ்சின் பக்கமாகத் தள்ளி வையுங்கள். உங்கள் 912-ல் எந்த போல்ட்டில் பிடிப்பது என்பதை ரோட்டாக்ஸின் இன்ஸ்டலேஷன் மேனுவலைப் பார்த்து முடிவு செய்யுங்கள், கண்ட போல்ட்டையும் கழற்றி அதில் பிராக்கெட் மாட்டாதீர்கள்.

திருமங்கலம் ஆர்கான்:
ஸ்பேனர் அண்ணன் சொன்னது சரி. நான் வெல்டிங் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். அந்தப் பைப் என்ன கிரேடு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள் சார். நம் ஊரில் கேட்டுக்கும் படிக்கட்டுக் கைப்பிடிக்கும் போடுவது பெரும்பாலும் 202, அதில் நிக்கல் குறைவு, மாங்கனீஸ் அதிகம். காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்ல எஸ்.எஸ். என்று கடையில் சொல்வார்கள், 202-லும்தான் ஒட்டாது. 304 பரவாயில்லை, ஆனால் 450 முதல் 850 டிகிரி வரையான சூட்டில் வெகுநேரம் கிடந்தால் அதிலுள்ள குரோமியம் கார்பனோடு சேர்ந்துகொண்டு வெல்டிங் ஓரம் பலவீனமாகும். விமானத்துக்கு 321 கேட்பது அதனால்தான், அதில் டைட்டானியம் சேர்த்திருப்பார்கள், கார்பனை அது பிடித்து வைத்துக்கொள்ளும். வாங்கும்போது டெஸ்ட் சர்டிபிகேட் கேளுங்கள்.

வெல்டிங் அடிக்கும்போது பைப்புக்குள்ளும் ஆர்கான் விடச் சொல்லுங்கள். இரண்டு வாயையும் டேப் ஒட்டி மூடி, ஒரு பக்கம் கேஸ் உள்ளே போக, மறுபக்கம் காற்று வெளியேற ஒரு சிறு துளை. இதைச் செய்யாவிட்டால் வெளியே மணிமணியாக அழகாக இருக்கும், உள்ளே கருகிச் சொரசொரவென்று நிற்கும், விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் கவனியுங்கள். எங்கள் பட்டறைகளில் எல்லோரும் காதில் பென்சிலைச் சொருகிக்கொண்டு, வெட்ட வேண்டிய இடத்தில் சட்டென்று ஒரு கோடு போடுவோம். எக்ஸாஸ்ட் பைப்பில் அந்தக் கோடு கூடாது. சூடேறும்போது அது உலோகத்தில் ஏறி அந்த இடத்தையே பலவீனமாக்கி விரிசல் விடவைக்கும் என்று அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏ வெளியிடும் மெக்கானிக் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. துத்தநாகப் பூச்சு உள்ள கருவியும் கூடாது. ஸ்கெட்ச் பேனாவில் குறித்து, வெல்டிங்குக்கு முன் அசிட்டோன் போட்டுத் துடையுங்கள். பிரஷ் எஸ்.எஸ். கம்பி பிரஷ்தான், அதுவும் வேறு இரும்பில் படாத புது பிரஷ்.

மேலூர் கிளைடர்:
ஒரு சின்ன மாற்றுக்கருத்து. பிரேமில் பிடிக்கவே கூடாது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது. ரப்பர் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். சில விமானங்களில் எஞ்சினுக்கும் பிரேமுக்கும் நடுவில் ரப்பர் இருக்கும், அப்போது பிரேம் அசையாது, அதில் பிடிப்பது தப்பு. சிலவற்றில் எஞ்சினோடு ஒரு வளையமோ பிரேமோ நேராக இறுகியிருக்கும், ரப்பர் அதற்குப் பின்னால், ஃபயர்வால் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தீத்தடுப்புச் சுவர்) பக்கம் வரும். அங்கே அந்த வளையமும் எஞ்சினோடு சேர்ந்துதான் ஆடும், தாங்கலை அதிலிருந்து எடுக்கலாம். இக்னிஷனை ஆஃப் செய்து சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, புரொப்பல்லர் ஹப்பைப் பிடித்து மேலும் கீழும் அழுத்தி ஆட்டுங்கள், இன்னொருவர் டார்ச் அடித்துப் பார்க்கட்டும். எதெல்லாம் ஹப்போடு ஆடுகிறதோ அதில்தான் பிடிக்கலாம்.

அதே சமயம் வால் பைப் கவுலிங்கில் இடிக்கிறதா என்றும் பாருங்கள். பிரேமில் கட்டியிருந்தபோது இடித்திருக்காது, எஞ்சினோடு ஆடவிட்டால் வாய் ஓரத்தில் படலாம், வெட்டி அகலப்படுத்த வேண்டி வரும்.

நாகமலைப்பறவை:
ஆட்டிப் பார்த்தோம். எஞ்சினோடு ஒரு வளையம் ஆடுகிறது, ரப்பர் அதற்கும் பிரேமுக்கும் நடுவில் இருக்கிறது, பட்டை பிடித்திருந்தது ரப்பருக்குப் பின்னால் இருக்கும் பிரேமில். விரிசலுக்குக் காரணம் கிடைத்துவிட்டது, எல்லோருக்கும் நன்றி. வால் பைப்பைப் புதிதாக 321-லேயே செய்யப் போகிறேன், தாங்கலை வளையத்திலிருந்து எடுக்கிறேன்.

இன்னொரு கேள்வி. சைலன்சரைச் சுற்றி கேபின் ஹீட்டருக்கு ஒரு தகர உறை இருக்கிறது. மதுரை வெயிலில் கேபினைச் சூடாக்கி என்ன செய்ய, எடுத்துவிடலாமா? தாங்கலுக்கு எடையும் குறையும்.

பழைய ஸ்பேனர்:
எடுத்துவிடலாம், எனக்கு அது நல்ல யோசனையாகவே படுகிறது. சைலன்சரில் விரிசல் விட்டால் கார்பன் மோனாக்சைடு அந்த உறை வழியாக நேரே உங்கள் மூக்குக்கு வரும், வாசனையும் கிடையாது நிறமும் கிடையாது. ஆனால் கார்புரேட்டருக்குச் சூடான காற்று அதே உறையிலிருந்து போகிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள். நம் ஊரில் பனி ஏது என்று நினைக்க வேண்டாம், ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் 20 டிகிரிக்கு மேலும் கார்புரேட்டரில் ஐஸ் கட்டும். உறையை எடுத்த பிறகு ஃபயர்வாலில் அதன் குழாய் போன ஓட்டையை எஸ்.எஸ். தகடு வைத்து, தீ தாங்கும் சீலன்ட் போட்டு மூடுங்கள். மோனாக்சைடு டிடெக்டர் ஒன்று கேபினில் எப்படியும் வேண்டும்.

ஸ்பிரிங்குகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 912-ல் ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கு உள்ளேயும் லாக்வயர் (பாதுகாப்புக் கம்பி) ஓட்டிக் கட்டுங்கள், உடைந்தாலும் பறந்து போகாது. உங்கள் விமானத்தில் புரொப்பல்லர் பின்னால் இருந்தால் இது உயிர் போகும் விஷயம். ஸ்பிரிங் மேல் அதிக சூடு தாங்கும் சிலிகானை ஒரு கோடாக இழுத்துவிட்டால் அதிர்ந்து தேய்வது குறையும். குண்டு மூட்டுகளில் சூட்டில் இறுகிப் பிடித்துக்கொள்ளாமலிருக்க, செம்பு கலந்த ஆன்டி-சீஸ் பசை தடவுங்கள். நட்டெல்லாம் முழு உலோக லாக் நட்டாக இருக்கட்டும், நைலான் வைத்தது இந்தச் சூட்டில் உருகிவிடும்.

எல்லாம் மாட்டிய பிறகு, காற்று ஊதும் வாக்குவம் கிளீனரின் குழாயை வால் பைப் வாயில் துணி சுற்றிச் செருகி ஊதவிட்டு, வெல்டிங் மேலெல்லாம் சோப்புத் தண்ணீரைத் தடவிப் பாருங்கள். மூட்டுகளில் கொஞ்சம் குமிழி வரும், பரவாயில்லை. வெல்டிங் கோட்டில் ஒரு குமிழி வந்தாலும் கழற்றுங்கள். எஞ்சினை ஓட்டியபின் நன்றாக ஆறவிட்டு, கவுலிங்கைக் கழற்றித் தாங்கல் கிளாம்ப்பையும் அதை ஒட்டிய பைப்பையும் மறுபடி பாருங்கள், கிளாம்ப் நகர்ந்த தடம் தெரிகிறதா, சாம்பல் கறை புதிதாக வருகிறதா என்று. படம் எடுத்து இங்கே போடுங்கள் தம்பி, கோணம் சரியா என்று பார்த்துச் சொல்கிறேன்.