மாதம் 20,500 எந்த தபால் ஆபீஸில் தருகிறார்கள்?

பழையகணக்கு (காலை 4.50)
குடமுருட்டி சார் நேற்று எழுதியதைப் படித்துவிட்டு இரவெல்லாம் புரண்டு படுத்தேன். அவர் எழுதியதை அப்படியே கீழே தருகிறேன், பிறகு நான் மாற்றிவிட்டேன் என்று யாரும் சொல்லக்கூடாது. "ரிடையர் ஆனதும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் போட்டுவிடுங்கள், மாதம் 20,500 கைக்கு வரும், சொந்த ஊரில் ராஜா மாதிரி இருக்கலாம்." ராஜா மாதிரி இருப்பது அவரவர் பாடு, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் மாதம் 20,500 எந்த தபால் ஆபீஸில் தருகிறார்கள்? அந்தத் திட்டத்தில் மாத வட்டி கிடையவே கிடையாது. ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி ஒன்றாம் தேதிகளில் மட்டும்தான் வட்டி. 8.2 சதவீதத்தில் 30 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500. வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்து இந்தக் கணக்கை எத்தனை பேருக்குத் திறந்து கொடுத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒருவருக்காவது மாதாமாதம் வந்ததா என்றால் இல்லை.

குடமுருட்டி (காலை 6.35)
61,500-ஐ மூன்றால் வகுத்தால் 20,500. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூட போடும் கணக்கு இது. வங்கியில் வேலை பார்த்தவருக்கு வகுத்தல் வராது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. நான் சொல்ல வந்தது வேறு. சென்னையில் வாடகைக்கே பாதி போய்விடும். கும்பகோணத்தில் எனக்கு அப்பா கட்டிய வீடு, வாடகை இல்லை, பெட்ரோல் செலவு கிட்டத்தட்ட இல்லை, காலையில் பித்தளை டபராவில் காபி, சாயங்காலம் மகாமகக் குளத்தைச் சுற்றி நாலு சுற்று. இரண்டு பேருக்கு 20,500 தாராளம். விஷயத்தை விட்டுவிட்டு சில பேர் வாலைப் பிடித்துத் தொங்குகிறார்கள்.

பழையகணக்கு (காலை 6.41)
"வகுத்தால்" என்ற சொல் உங்கள் பதிவில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள். "மாதம் கைக்கு வரும்" என்றுதான் இருக்கிறது. ஜூலை 5-ஆம் தேதி ஒருவர் போய்ப் பணத்தைக் கட்டுகிறார் என்று வையுங்கள், அக்டோபர் ஒன்றாம் தேதி வரை அவர் கைக்கு ஒரு பைசா வராது. ஆகஸ்டில் பால்காரருக்கு எதைக் கொடுப்பார்? "சார், வகுத்தால் வருகிறது" என்று சொல்வாரா? இன்னொன்று. வருட வட்டி 2,46,000 ஆகிறது. 2025 ஏப்ரலிலிருந்து முதியோருக்கு வட்டி ஒரு லட்சம் வரை டி.டி.எஸ் என்ற வரிப் பிடித்தம் இல்லை என்று ஆக்கியிருக்கிறார்கள், ஆனால் இது ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது அல்லவா, வரி பிடிக்க வேண்டாம் என்ற படிவம் கொடுக்க மறந்தால் பத்து சதவீதம் பிடித்துக்கொண்டு 55,350-தான் வரும். இதை மூன்றால் வகுத்துப் பாருங்கள், வாத்தியாரே. மாதாமாதம் பணம் பார்க்க வேண்டும் என்றால் மாத வருமானத் திட்டம் என்று தனியாகவே இருக்கிறது, பெயரிலேயே மாதம் இருக்கிறது. தனி ஆளுக்கு உச்சவரம்பு 9 லட்சம், 7.4 சதவீதம், மாதம் 5,550. அது மாத வட்டி. உங்களுடையது மாத வட்டி இல்லை.

மதுரைக்காரி (காலை 7.20)
இரண்டு பேருக்கும் வணக்கம். 61,500 வந்ததும் சேமிப்புக் கணக்கில் விட்டு வைத்து மாதம் 20,500 எடுத்துக்கொண்டால் முடிந்தது. முதல் மூன்று மாதத்துக்கு மட்டும் கையில் கொஞ்சம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். இதற்கு ஏன் இத்தனை கோபம்?

பழையகணக்கு (காலை 7.24)
அம்மா, நீங்கள் சொல்வது வேறு, அவர் சொன்னது வேறு. நீங்கள் "எடுத்துக்கொண்டால்" என்கிறீர்கள். அவர் "வரும்" என்றார். தவிர, உங்களுக்கு அரசாங்கப் பென்ஷன் மாதம் பிறந்தால் வந்துவிடும், உங்களுக்கு இந்தக் கவலை புரியாது.

சிபிஎஸ்காரன் (காலை 8.02)
அதைக் கேளுங்கள் முதலில். நானும் அரசுப் பள்ளி ஆசிரியன்தான். 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்த ஒரே குற்றத்துக்காக எனக்குப் பழைய பென்ஷன் கிடையாது. சி.பி.எஸ் என்ற பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் தள்ளினார்கள். மாதம் பத்து சதவீதம் பிடித்தார்கள், கடைசியில் மொத்தமாக ஒரு தொகையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவதுதான் அந்தத் திட்டம். அதே ஸ்டாஃப் ரூமில், அதே பெஞ்சில், எனக்கு ஆறு வருடம் முன்னால் சேர்ந்தவர் சாகும் வரை பென்ஷன் வாங்குவார், அவருக்குப் பிறகு அவர் மனைவி வாங்குவார். மேடம் இங்கே வந்து "ஏன் கோபம்" என்று கேட்கிறார்.

மதுரைக்காரி (காலை 8.15)
தம்பி, நான் சேர்ந்தது 1989-ல். சேர்ந்தபோது 2003-ல் என்ன நடக்கும் என்று எனக்குச் சொல்லவில்லை. உங்களுக்காக நாங்களும்தான் ஸ்டிரைக் செய்தோம், சம்பளம் பிடித்தார்கள். அப்போது நீங்கள் பள்ளிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டீர்களோ என்னவோ, எனக்குத் தெரியாது.

சிபிஎஸ்காரன் (காலை 8.17)
இது அநியாயமான பேச்சு.

மூணாம்ஷிப்ட் (காலை 8.40)
எல்லாருக்கும் ஒரு கேள்வி. 30 லட்சம் யாரிடம் இருக்கிறது? நான் அம்பத்தூரில் லேத் ஓட்டியவன். பி.எஃப் பென்ஷன் மூவாயிரத்துச் சொச்சம் வருகிறது. கிராஜுவிட்டியும் பி.எஃப்பும் வந்தது, மகள் கல்யாணத்தில் போயிற்று. மாதம் வருமா, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருமா என்று அடித்துக்கொள்கிறீர்கள், முதலில் அந்த 30 எங்கிருந்து வரும்?

குடமுருட்டி (காலை 9.05)
மூணாம்ஷிப்ட் அண்ணே, அதற்குத்தான் முப்பது வயதிலிருந்து திட்டமிட வேண்டும் என்கிறேன். நான் 2021-ல் ஓய்வு பெற்ற அன்றே முடிவு எடுத்துவிட்டேன், முழுசாக 30 லட்சத்தையும் இந்தத் திட்டத்தில்தான் போட்டேன். இன்று வரை யாரிடமும் கைநீட்டவில்லை. மாதம் 20,500-ல் குடும்பம் நடக்கிறது, சந்தேகம் உள்ளவர்கள் வந்து பார்க்கலாம், காபி நான் தருகிறேன்.

பழையகணக்கு (காலை 9.07)
ஆகா. இதற்காகத்தான் காத்திருந்தேன். 2021-ல் இந்தத் திட்டத்தின் உச்சவரம்பு 15 லட்சம். 30 ஆனது 2023 ஏப்ரலில். இரண்டு வருடம் முன்னாலேயே உங்களுக்கு மட்டும் தனியாகச் சட்டம் போட்டார்களா? அது போகட்டும். 2021-ல் வட்டி 7.4. கணக்குத் திறந்த அன்று என்ன விகிதமோ அதுதான் ஐந்து வருடமும். வெளியே 8.2 ஆனாலும் உங்கள் பழைய கணக்குக்கு 7.4-தான். அப்படிப் பார்த்தால் 30 லட்சத்துக்கு மூன்று மாதத்தில் 55,500. உங்களுக்குப் பிடித்த மூன்றாம் வகுப்புக் கணக்கில் வகுத்தாலும் 18,500. இந்த 20,500 உங்கள் வாழ்க்கையில் ஒரு நாள்கூட வந்ததில்லை சார், மாதத்துக்கும் வந்ததில்லை, வகுத்தும் வந்ததில்லை.

குடமுருட்டி (காலை 9.30)
என் பெயரில் 15, மனைவி பெயரில் 15. இது தெரியாமல் துள்ளுகிறார். 20,500 என்றது புதிதாகப் போடுகிறவர்களுக்காக. பொதுவாகச் சொன்னால் புரிந்துகொள்ள வேண்டும்.

பழையகணக்கு (காலை 9.33)
"மாதம் 20,500-ல் குடும்பம் நடக்கிறது" என்று இருபத்தெட்டு நிமிடம் முன்னால் எழுதியது பொதுவாகச் சொன்னதா? சரி, மனைவி பெயரில் தனிக் கணக்கு என்கிறீர்கள். தனியாகத் திறக்க அவர்களுக்கும் 60 முடிந்திருக்க வேண்டுமே, 2021-ல் வீட்டம்மாவுக்கு வயது என்ன?

குடமுருட்டி (காலை 9.36)
வீட்டுப் பெண்களை இழுக்காதீர்கள். இதுதான் உங்கள் தரம்.

மதுரைக்காரி (காலை 9.50)
வயது கேட்டது தப்புதான், பழையகணக்கு சார். ஆனால் குடமுருட்டி சார், முதலில் மனைவியை இழுத்தது நீங்கள்.

சிங்காநல்லூரான் (காலை 10.20)
அப்பா கட்டிய வீடு, பித்தளை டபரா எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறதுங்க. ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் என்ன செய்வீங்க? நாங்கள் கோவையில் முதியோர் குடியிருப்பில் இருக்கிறோம். மூன்று வேளையும் சாப்பாடு, அழைப்பு மணி அடித்தால் நர்ஸ், கதவில் ஒரு அட்டை தொங்கும், காலை எட்டு மணிக்குள் எடுக்கவில்லை என்றால் ஆள் வந்து தட்டுவார்கள். ஓய்வு வாழ்க்கை என்றால் இதுங்க. பால்காரரோடும் பிளம்பரோடும் மல்லுக்கட்டுவதா ராஜ வாழ்க்கை?

குடமுருட்டி (காலை 10.31)
பணம் கட்டி ஹாஸ்டலில் இருப்பதை வாழ்க்கை என்று சொல்லக்கூடாது. பராமரிப்புக் கட்டணம் வருடா வருடம் ஏறுகிறது என்று நீங்களே போன மாதம் அழுதீர்களே. நெஞ்சு வலித்தால் தஞ்சாவூர் 40 கிலோமீட்டர், கார் வைத்தால் ஒரு மணி நேரம்.

சிங்காநல்லூரான் (காலை 10.34)
ஒரு மணி நேரமாம். கேட்டுக்கோங்க.

பழையகணக்கு (காலை 10.50)
ஆஸ்பத்திரி என்றதும் நினைவு வருகிறது. அவசரத்துக்கு இந்தக் கணக்கை நடுவில் மூடினால் என்ன ஆகும் என்று ராஜா சொன்னாரா? ஒரு வருடத்துக்குள் மூடினால் கொடுத்த வட்டியைத் திரும்பப் பிடித்துக்கொள்வார்கள். ஒன்றிலிருந்து இரண்டு வருடத்துக்குள் என்றால் அசலில் ஒன்றரை சதவீதம் பிடிப்பார்கள், 30 லட்சத்துக்கு 45,000. இரண்டு வருடம் கடந்தால் ஒரு சதவீதம், 30,000. அதனால் மொத்தத்தையும் ஒரே கணக்கில் போடாமல் ஐந்து ஐந்து லட்சமாக ஆறு கணக்கு திறந்து வைத்தால் தேவைப்பட்டதை மட்டும் உடைக்கலாம் என்று கவுன்டரில் வருகிற எல்லாரிடமும் சொல்வேன், பாதிப் பேர் கேட்க மாட்டார்கள். பாஸ்புக் ஒன்றே ஒன்று இருந்தால் பீரோவில் வைக்க வசதியாம். குடமுருட்டி சார்தான் போன தடவை ரயிலில் முதியோர் சலுகை திரும்ப வந்துவிட்டது என்று எழுதியவர். 2020 மார்ச்சில் நிறுத்திய சலுகை அது, ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதம். இவர் பேச்சை நம்பி எழும்பூரில் வரிசையில் நின்று முழு டிக்கெட் வாங்கி வந்தேன். பின்னால் நின்ற பையன் சிரித்தான். அன்றே எழுதியிருப்பேன், போனால் போகிறது என்று விட்டேன். விட்டது தப்பு. இப்போது மாத வட்டி என்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார், மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

குடமுருட்டி (காலை 11.05)
ஓ, ரயில் டிக்கெட் கோபமா இது. அப்படிச் சொல்லுங்கள். அதை வாட்ஸப்பில் வந்தது என்றுதான் எழுதினேன், போய் நில்லுங்கள் என்று சொல்லவில்லை.

மூணாம்ஷிப்ட் (காலை 11.20)
நடுவில் ஒன்று கேட்கிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மகன் வீட்டைத் தன் பேருக்கு செட்டில்மென்ட் எழுதித் தரச் சொல்கிறான். லோன் போட்டு மாடி கட்டப் போகிறானாம். எழுதிக் கொடுத்தால் பின்னால் பிரச்சினை வருமா?

மதுரைக்காரி (காலை 11.32)
ஐயா, அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், கடைசி வரை எங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். 2007-ல் வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தில் 23-ஆம் பிரிவு இருக்கிறது, பார்த்துக்கொள்ளாவிட்டால் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்துப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனை எழுதாமல் விட்டால் வழக்கு இழுக்கும். என் அக்கா எழுதாமல் விட்டவர்.

சிபிஎஸ்காரன் (காலை 11.35)
பெற்ற பிள்ளையை நம்பாமல் நிபந்தனை போடுவதா? பிறகு ஏன் பிள்ளைகள் விலகிப் போகிறார்கள் என்று புலம்புகிறீர்கள்.

மதுரைக்காரி (காலை 11.41)
உங்களுக்கு 58 ஆகட்டும், பேசுவோம்.

சிபிஎஸ்காரன் (காலை 11.42)
ஓய்வு வயது 60 ஆகி வருடக்கணக்கில் ஆயிற்று, மேடம். 2021-லேயே மாற்றிவிட்டார்கள்.

மதுரைக்காரி (காலை 11.58)
தெரியும், தம்பி. நான் 58-ல் வெளியே வந்தவள், 60 ஆக்கியது எனக்குக் கிடைக்கவில்லை. பணத்தைப் பற்றியே காலையிலிருந்து பேசுகிறீர்கள், எனக்கு ஒன்று கேட்க வேண்டும். பத்து மணி முதல் நாலு மணி வரை என்ன செய்கிறீர்கள்? எனக்கு இன்னமும் 9.20 ஆனால் பிரேயர் மணி காதில் அடிக்கிறது. முதல் வருடம் சமையலறையை மூன்று தடவை மாற்றி அடுக்கினேன். இப்போது தெருவில் நாலு பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுக்கிறேன், அவர்களும் ட்யூஷன் என்று போய்விட்டால் மறுபடி கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதுதான்.

சிங்காநல்லூரான் (பகல் 12.10)
எங்கள் வளாகத்தில் கேரம், பஜனை, புதன்கிழமை யோகா இருக்குங்க மேடம். வந்து பாருங்க.

குடமுருட்டி (பகல் 12.15)
பஜனைக்கு மாதக் கட்டணம் கொடுக்கிற ஒரே ஊர் கோயம்புத்தூர். இங்கே தெருவுக்குத் தெரு கோயில், காசில்லாமல் உட்காரலாம். 2028-ல் மகாமகம் வருகிறது, அப்போது நீங்களே எங்கள் வீட்டுத் திண்ணையில் இடம் கேட்டு வருவீர்கள்.

பழையகணக்கு (பகல் 12.40)
கேரம், மகாமகம் எல்லாம் இருக்கட்டும். பேச்சை மாற்றிவிட்டால் நான் மறந்துவிடுவேன் என்று நினைக்கிறார். இப்போதும் நேற்றைய பதிவில் அந்த வரி அப்படியே நிற்கிறது, "மாதம் 20,500 கைக்கு வரும்". அதைப் படித்துவிட்டு எவராவது ஒருவர் வி.ஆர்.எஸ் என்று விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த மாதம் ஒன்றாம் தேதி தபால் ஆபீஸ் வாசலில் போய் நின்றால் யார் பொறுப்பு? வரியைத் திருத்துங்கள், நான் போய்விடுகிறேன். எனக்கு வேறு வேலை இருக்கிறது.

குடமுருட்டி (பகல் 12.52)
திருத்த மாட்டேன். நேற்று ராத்திரி தூக்கம் வராதவருக்கு வேறு வேலை என்ன இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஒன்றாம் தேதி வட்டி ஏறியதும் பாஸ்புக்கையே படம் எடுத்துப் போடுகிறேன், கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள்.

பழையகணக்கு (பகல் 12.53)
போடுங்கள். எந்த மாதத்து ஒன்றாம் தேதி என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.

மூணாம்ஷிப்ட் (பகல் 1.30)
என் மூவாயிரம் மாதாமாதம் சரியாக வந்துவிடுகிறது சார்.

பழையகணக்கு (பகல் 1.31)
அது பென்ஷன். நான் பேசுவது வட்டி.