மாஸ்டர் சந்த்கி ராம் அப்படி என்ன செய்தார்?

மண்கோதா:
‘தங்கல்’ இந்திப் படம் வந்த நாளிலிருந்து பெண்கள் மல்யுத்தம் என்றாலே எல்லோரும் மகள்களுக்குக் குஸ்தி கற்றுக்கொடுத்த மகாவீர் சிங் போகட் பெயரைத்தான் சொல்கிறார்கள். சரி, அவர் செய்தது சின்ன வேலை இல்லை. ஆனால் அவருக்கே வழிகாட்டி மாஸ்டர் சந்த்கி ராம்தான் என்று படித்தேன். 1970 பாங்காக் ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கியவர் என்பதோடு எனக்குத் தெரிந்தது முடிந்தது. பயிற்சியாளராக உண்மையிலேயே முன்னோடியா, இல்லை சிஷ்யர்கள் பாசத்தில் சொல்வதா?

பழைய பயில்வான்:
பாசமெல்லாம் இல்லை. ஹரியானாவில் ஹிசார் பக்கம் சிசாய் கிராமத்துக்காரர். கொஞ்ச காலம் பள்ளியில் ஓவிய, கைவேலை ஆசிரியராக இருந்தார், அந்த ‘மாஸ்டர்’ அங்கிருந்து ஒட்டிக்கொண்டதுதான், குஸ்தி மாஸ்டர் என்ற அர்த்தத்தில் இல்லை. 1969-இல் அர்ஜுனா விருது, 1971-இல் பத்மஸ்ரீ, 1972 மியூனிக் ஒலிம்பிக்கிலும் இறங்கினார். அதோடு நின்றிருந்தால் இன்னொரு பழைய சாம்பியன், அவ்வளவுதான்.

அப்புறம் டெல்லியில் யமுனைக் கரையில் அகாடா, அதாவது குஸ்திக் கூடம் நடத்தினார். அகாடா என்றால் வெறும் பயிற்சிக்கூடம் இல்லை என்பதைப் புரிந்துகொண்டால்தான் அவர் செய்ததன் கனம் தெரியும். அனுமனைக் கும்பிட்டுவிட்டுத்தான் மண்ணில் கால் வைப்பார்கள், பிரம்மச்சரியம்தான் பயில்வானின் பலம் என்பார்கள், பெண்ணின் நிழல்கூட அந்தப் பக்கம் விழக்கூடாது என்று நினைத்த காலம் அது. அந்த இடத்தில், அதுவும் பத்மஸ்ரீ வாங்கிய ஒரு பெரிய பயில்வான், தொண்ணூறுகளின் பின்பாதியில் தன் சொந்த மகள்கள் சோனிகாவையும் தீபிகாவையும் கோதாவில் இறக்கினார். பெண்கள் மல்யுத்தம் ஒலிம்பிக்கில் வந்ததே 2004 ஏதென்ஸில்தான். அதாவது பதக்கக் கனவு காட்டி யாரையும் சம்மதிக்க வைக்க முடியாத நேரத்தில் ஆரம்பித்தார். திட்டு வாங்கினார், கேலி வாங்கினார், விடவில்லை. சோனிகா ‘பாரத் கேசரி’ என்ற குஸ்திப் பட்டம் வென்று, 2006 தோஹா ஆசியப் போட்டி வரை போனார்.

புள்ளிக்கணக்கு:
கொஞ்சம் நிதானமாகப் பேசலாம். பயிற்சியாளர் என்று பார்த்தால் எனக்கு முதலில் குரு ஹனுமான்தான். அவரிடம் சத்பால், சத்பாலிடம் சுஷில் குமார் என்று ஒரே வரிசை, சத்பால் வளர்த்த சத்ரசால் ஸ்டேடியத்திலிருந்து மட்டும் 2008, 2012 என்று சுஷிலுக்கு இரண்டு ஒலிம்பிக் பதக்கம், பிறகு டோக்கியோவில் ரவி தாஹியாவுக்கு வெள்ளி. சந்த்கி ராம் கையால் நேரடியாக அந்த அளவுக்கு யாரும் வரவில்லையே. பெண்கள் பக்கமும் அவர் ஒருவர் மட்டும் இல்லை. அல்கா தோமரை மீரட்டில் வளர்த்தவர் ஜபர் சிங் சோம், அல்கா 2006-லேயே உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வாங்கிவிட்டார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய சாக்‌ஷி மாலிக்குக்கு ரோதக்கில் ஈஸ்வர் தாஹியா. எல்லாப் பெருமையையும் ஒரே தலையில் கட்டுவது சரியில்லை.

பழைய பயில்வான்:
பதக்க எண்ணிக்கையில் நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், அதில் வாதாடப் போவதில்லை. ஆனால் குரு ஹனுமான் இருந்த வழியைப் பெரிதாக்கினார், இவர் பூட்டியிருந்த கதவைத் திறந்தார், இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். எங்கோ ஒரு கிராமத்து அப்பா மகளுக்குக் குஸ்தி சொல்லிக்கொடுத்தால் ஊர் சிரிக்கும். மாஸ்டரே செய்கிறார் என்றால் சிரிக்கிற வாய் கொஞ்சம் யோசிக்கும். பலாலி கிராமத்தில் மகாவீருக்குக் கிடைத்த தைரியம் அதுதான். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் கர்ணம் மல்லேஸ்வரி பளுதூக்கலில் வாங்கிய வெண்கலமும் அவரை உசுப்பியது, அதையும் மறைக்க வேண்டாம்.

ஈரமண்:
இன்னொன்று யாரும் சொல்லவில்லை. மாஸ்டர் இறந்தது 2010 ஜூனில். அதே வருடம் அக்டோபரில், அதே டெல்லியில், காமன்வெல்த் போட்டியில் முதல்முறையாகப் பெண்கள் மல்யுத்தம் வந்தது. மகாவீரின் மகள் கீதா போகட், அல்கா தோமர், அனிதா என்று மூன்று தங்கம் நமக்கு.

மண்கோதா:
நாலு மாதம்கூட இல்லையா? சே.