பம்ப் ஸ்டாக் தடை நீதிமன்றத்தில் ஏன் நிலைக்கவில்லை? துணைக்கருவிகளுக்கெனத் தனிச் சட்டம் உண்டா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டங்களைப் பற்றிச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். ஓரிடத்தில் மட்டும் எனக்குத் தெளிவு கிடைக்கவில்லை. 2017 அக்டோபர் 1 அன்று லாஸ் வேகாஸ் இசை விழாவில் ஒருவன் சுமார் பத்து நிமிடங்களில் 1,000க்கும் மேற்பட்ட தோட்டாக்களைச் சுட்டான். இறந்தோர் எண்ணிக்கை பின்னாளில் 60 ஆனது. அவன் பயன்படுத்திய, சுடும் வேகத்தைக் கூட்டும் பம்ப் ஸ்டாக் என்னும் துணைக்கருவியைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதில் இரு கட்சியினரும் ஏறக்குறைய ஒத்துப்போனார்கள்; துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் தேசிய ரைபிள் சங்கமே மறுபரிசீலனை வேண்டும் என்று அறிக்கை விட்டது; அதிபர் டிரம்ப்பின் அரசுதான் தடையையும் கொண்டு வந்தது. அப்படியிருந்தும் 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை 6-3 என்ற பெரும்பான்மையில் நீக்கிவிட்டது. ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சொல்லும் இரண்டாம் திருத்தத்தை அடிப்படையாகக் கொண்டு அவ்வாறு தீர்ப்பளித்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். ஆனால் தீர்ப்பில் அந்தப் பேச்சே இல்லை. அப்படியானால் தடை எதன்மேல் தடுக்கி விழுந்தது? துப்பாக்கியோடு இணைக்கும் கருவிகளுக்கென்று தனிச் சட்டம் ஏதும் இருக்கிறதா?

மறுமொழி 1

தங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் முதல் கேள்விக்கான விடையும் அதில்தான் இருக்கிறது. மத்தியச் சட்டத்தில் துணைக்கருவி என்ற பொதுவான வகை எதுவும் இல்லை. ஒரு கருவியைக் கட்டுப்படுத்த வேண்டுமானால், ஏற்கெனவே வரையறுக்கப்பட்ட ஏதேனும் ஒரு பெட்டிக்குள் அதை அடைக்க வேண்டும். இல்லையேல் நாடாளுமன்றம் புதிதாக ஒரு பெட்டியைச் செய்ய வேண்டும். 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம், சுடும் ஓசையைக் குறைக்கும் சைலன்சரை அப்படித்தான் கையாண்டது. சைலன்சரால் தனியாகச் சுட முடியாது என்றாலும், அச்சட்டத்தின் வரையறைப்படி அதுவும் ஒரு துப்பாக்கியே.

பம்ப் ஸ்டாக்கை அடைக்க முயன்ற பெட்டி, இயந்திரத் துப்பாக்கி என்பது. விசையின் (டிரிகரின்) ஒரே இயக்கத்தால், மறுபடி கையால் தோட்டா நிரப்பாமல், தானாகவே ஒன்றுக்கு மேற்பட்ட குண்டுகளைச் சுடும் ஆயுதம் என்று 1934 முதலே அதற்கு வரையறை உண்டு. சாதாரண ஆயுதத்தை இயந்திரத் துப்பாக்கியாக மாற்றும் உதிரிபாகங்களையும் 1968இல் அதற்குள் சேர்த்தார்கள். 1986 மே மாதத்துக்குப் பின் பதிவான இயந்திரத் துப்பாக்கிகளைத் தனியார் வைத்திருக்கவே கூடாது என்பது இன்றைய நிலை. ஆகவே ஒரு கருவி இந்தப் பெட்டிக்குள் போய்விட்டால் அது கட்டுப்பாட்டோடு நிற்பதில்லை. ஏறத்தாழ முழுத் தடையாகிவிடுகிறது.

பம்ப் ஸ்டாக் என்பது தோளில் பதியும் கட்டைக்கு மாற்றாகப் பொருத்தப்படுவது. சுடும்போது எழும் பின்னுதைப்பில் துப்பாக்கி பின்னால் நகர்கிறது, சுடுபவரின் மற்றொரு கை அதை முன்னால் தள்ளுகிறது, அசையாமல் நிற்கும் விரலில் விசை திரும்பத் திரும்ப வந்து மோதுகிறது. விசையின் ஒரே இயக்கம் என்பதை, சுடுபவர் விரலை ஒருமுறை வைத்து அழுத்துவது என்று பொருள் கொண்டால் இது இயந்திரத் துப்பாக்கி. துப்பாக்கிக்குள் இருக்கும் விசை ஒவ்வொரு குண்டுக்கும் விடுபட்டு மீள்வது என்று பொருள் கொண்டால் இது இயந்திரத் துப்பாக்கி அன்று. நீதிபதி தாமஸ் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு இரண்டாவது பொருளை எடுத்துக்கொண்டது. விசையின் உட்பாகங்களைப் படம் வரைந்தே விளக்கியது. சட்டத் தீர்ப்பைப் படிக்கிறோமா, பழுதுபார்க்கும் கையேட்டைப் படிக்கிறோமா என்று எனக்கே ஒரு கணம் ஐயம் வந்தது. மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதிபதி சோட்டோமேயர், வாத்தைப் போல நடந்து, வாத்தைப் போல நீந்தி, வாத்தைப் போலக் கத்தும் பறவையை வாத்து என்றே தாம் அழைப்பதாகச் சொன்னார். முன்னவர் பொறி இயங்கும் விதத்தைப் பார்த்தார், பின்னவர் அதன் விளைவைப் பார்த்தார். தடை விழுந்த இடம் இதுதான்.

என் கருத்தைக் கேட்டால், பிழை நீதிமன்றத்தில் தொடங்கவில்லை. செனட்டர் ஃபைன்ஸ்டைன் 2017 அக்டோபரிலேயே ஒரு மசோதா கொண்டுவந்தார். பிரதிநிதிகள் அவையில் குடியரசுக் கட்சியின் கர்பெலோவும் ஜனநாயகக் கட்சியின் மோல்டனும் சேர்ந்து இன்னொன்றை முன்வைத்தார்கள். இரண்டுமே நகரவில்லை. நிர்வாகமே விதி செய்து கொள்ளட்டும் என்று விட்டது எல்லோருக்கும் வசதியாக இருந்தது. வாக்களிக்க வேண்டிய சங்கடம் எவருக்கும் நேரவில்லை. அத்தகைய விதி ஆண்டுக்கணக்கில் வழக்கில் சிக்கிக் கிடக்கும் என்று ஃபைன்ஸ்டைன் அப்போதே எச்சரித்தார்.

மறுமொழி 2

மேலே எழுதிய நண்பரின் விளக்கத்தோடு உடன்படுகிறேன். ஆனால் தாமஸின் வாசிப்பை வெறும் சொல் விளையாட்டாக அவர் காட்டுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. இது குற்றவியல் சட்டம். மீறினால் 10 ஆண்டுகள் வரை சிறை. துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் மத்தியப் பணியகமான ஏ.டி.எஃப்., 2010இல் ஒரு நிறுவனத்தின் பம்ப் ஸ்டாக்கைப் பார்வையிட்டு, அது இயந்திரத் துப்பாக்கி ஆகாது என்று எழுத்திலேயே பதில் கொடுத்தது. அதன் பின்னும் பலமுறை அதே நிலைப்பாட்டைத் திரும்பச் சொன்னது. அதை நம்பிக் காசு கொடுத்து வாங்கியவர்களிடம், 2018 டிசம்பரில் வெளியிட்ட விதியின் மூலம், 90 நாட்களுக்குள் அழித்துவிடுங்கள் அல்லது ஒப்படைத்துவிடுங்கள் என்று அதே பணியகம் சொல்லிற்று. இழப்பீடும் கிடையாது. சட்டத்தில் ஓர் எழுத்துகூட மாறாதபோது நேற்றுவரை குற்றமில்லாதது இன்று எப்படிக் குற்றமாகும் என்பதே வழக்குத் தொடுத்த டெக்சஸ் கடைக்காரர் கார்கிலின் வாதம். லாஸ் வேகாஸ் கொடுமையை நினைத்து மனம் பதறும் எவரும் இந்தக் கேள்வியையும் தாண்டித்தான் போக வேண்டும்.

பெரும்பான்மையோடு உடன்பட்ட நீதிபதி அலிட்டோவின் தனிக் குறிப்பையும் படித்துப் பாருங்கள். 1934இல் சட்டம் செய்தவர்கள் இந்தக் கருவியைக் கண்டிருந்தால் சேர்த்தே இருப்பார்கள் என்று அவர் ஒப்புக்கொள்கிறார். அதற்கான பரிகாரம் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்துவதுதான் என்கிறார். தீர்ப்பு வந்த நான்காம் நாளே செனட்டர் ஹைன்ரிக் தம் மசோதாவை ஒருமனதாக நிறைவேற்றக் கோரினார். ஓர் உறுப்பினரின் மறுப்பே அதை நிறுத்தப் போதுமானதாக இருந்தது.

மாநிலங்களின் நிலை வேறு. உச்ச நீதிமன்றம் பொருள் சொன்னது மத்தியச் சட்டத்துக்கு மட்டுமே என்பதால், மாநிலங்களின் சொந்தத் தடைகளை அது தொடவில்லை. மாசசூசெட்ஸ் 2017 நவம்பரிலேயே தடை செய்தது. 2018இல் பார்க்லாந்து பள்ளிப் படுகொலைக்குப் பின் குடியரசுக் கட்சி ஆளும் ஃபுளோரிடா தடை செய்தது. சம்பவம் நடந்த நெவாடா 2019இல் செய்தது.

மறுமொழி 3

சைலன்சரைப் பற்றிய செய்தி மேலே ஒரு வரியோடு நின்றுவிட்டது; அதில் இன்னும் சுவையான சிக்கல் இருக்கிறது. 1934ஆம் ஆண்டுச் சட்டம் எதையும் நேரடியாகத் தடை செய்யவில்லை. வரி விதித்தது, பதிவு செய்யச் சொன்னது, அவ்வளவே. வரி 200 டாலர். அன்றைக்கு அது பெருந்தொகை, வாங்க நினைப்பவரைத் திருப்பி அனுப்பப் போதுமானது. பிறகு 90 ஆண்டுகளாக அந்தத் தொகை மாறவே இல்லை. இந்தச் சட்டம் நாடாளுமன்றத்தின் வரி விதிக்கும் அதிகாரத்துக்கு உட்பட்டது என்று 1937இல் சான்சின்ஸ்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

சைலன்சரைச் சட்டத்திலிருந்தே நீக்க வேண்டும் என்று பல ஆண்டுகளாக முயன்றவர்கள், 2025இல் டிரம்ப்பின் பெரும் வரி மசோதாவுக்குள் அதைச் சேர்த்தார்கள். செனட்டில் வழக்கமான 60 வாக்குகள் இல்லாமல் சாதாரணப் பெரும்பான்மையால் நிறைவேறும் மசோதா அது. ஆனால் வரவு செலவுக்குத் தொடர்பில்லாத எதையும் அதில் வைக்கக் கூடாது என்பது பைர்ட் விதி. செனட்டின் நடைமுறை அதிகாரி, பதிவை நீக்குவது அவ்விதிக்கு முரண் என்று கூறிவிட்டார். எனவே பதிவு அப்படியே நிற்க, வரி மட்டும் சுழியமானது. 2026 ஜனவரி 1 முதல் சைலன்சருக்கும் குழாய் குட்டையான துப்பாக்கிகளுக்கும் வரி கிடையாது. கைரேகையும் பின்னணிச் சோதனையும் உண்டு. மசோதா கையெழுத்தான ஜூலை 4 அன்றே வழக்கும் தொடரப்பட்டது: வரியே இல்லாதபோது வரி அதிகாரத்தின் பெயரால் பதிவு கேட்பது எப்படி என்று. முழுதாக நீக்க முடியாமல் போனதே நீக்குவதற்கான வாதத்தைக் கையில் கொடுத்தது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. இன்னும் ஒரு சந்தேகம் எஞ்சுகிறது. அதிகத் தோட்டாக்கள் கொள்ளும் மேகசினுக்கு (துப்பாக்கியில் செருகும் தோட்டாப் பெட்டிக்கு) எண்ணிக்கையால் வரம்பு வைக்கிறார்கள் அல்லவா? பொறி இயங்கும் விதமா விளைவா என்ற தகராறு அங்கே எழ வாய்ப்பில்லையே. எல்லாக் கருவிகளுக்கும் அப்படியே எழுதிவிடக் கூடாதா?

மறுமொழி 1

எண்ணிக்கையால் எழுதினால் வரையறைத் தகராறு பெருமளவு தீர்கிறது என்பது உண்மை. 1994ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் பத்துக்கு மேல் தோட்டா கொள்ளும் மேகசின்களைத் தடை செய்தது. ஆனால் ஏற்கெனவே மக்களிடம் இருந்தவற்றை விட்டுவைத்தது. அவை தாராளமாகக் கைமாறின. பத்தாண்டுக் காலவரம்போடு வந்த அந்தச் சட்டம் 2004இல் காலாவதியானது. இப்போது மாநிலங்களே அந்த வழியில் செல்கின்றன.

தகராறு தீரவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. கலிஃபோர்னியாவின் பத்துத் தோட்டா வரம்பை 2025 மார்ச்சில் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டபோது சொன்ன காரணங்களில் ஒன்று, பெரிய மேகசின் ஆயுதமும் அன்று, ஆயுதம் இயங்கத் தேவையான துணைக்கருவியும் அன்று. ஆகவே இரண்டாம் திருத்தத்தின் காப்புக்குள் அது வராது என்பது. அதை மறுத்த நீதிபதி வான்டைக், தம் அறையில் துப்பாக்கியைக் கழற்றிக் காட்டும் காணொளி ஒன்றையே மாறுபட்ட தீர்ப்போடு வெளியிட்டார். சக நீதிபதிகள் முகம் சுளித்தார்கள். சைலன்சரும் இரண்டாம் திருத்தம் சொல்லும் ஆயுதம் அன்று என்று 2018இல் பத்தாம் வட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அதாவது 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி துப்பாக்கியாக இருப்பது, அரசியலமைப்பின்படி ஆயுதமே ஆவதில்லை.

தங்கள் யோசனையைப் பம்ப் ஸ்டாக்குக்குப் பொருத்துவதென்றால், சுடும் வேகத்தை அளவாக வைக்க வேண்டும். ஃபைன்ஸ்டைனின் 2017 மசோதா ஏறக்குறைய அதைத்தான் செய்தது. பாதித் தானியங்கித் துப்பாக்கியின் (விசையை அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரே குண்டு சுடுவதன்) சுடும் வேகத்தைக் கூட்டும் எந்தக் கருவியும் கூடாது என்றது. எதிர்த்தவர்கள் உடனே கேட்டது, விசையை மென்மையாக்கிக் கொடுக்கும் சாதாரண உதிரிபாகமும் இதில் வந்துவிடாதா என்பதைத்தான். அந்தக் கேள்விக்கு நல்ல விடை சொல்லும் வாசகம் எதையும் நான் இதுவரை பார்க்கவில்லை.