பழைய ஜீப்பில் முதலில் எதைச் சரிசெய்வது?

உசிலம்பட்டி அருகே எங்கள் தோட்டத்துக்காக அப்பா 1994இல் வாங்கிய டீசல் ஜீப்பை, மல்லப்புரம் கணவாய் வழியாக மயிலாடும்பாறைக்கு மீண்டும் ஓட்டிச் செல்லும் நிலைக்குக் கொண்டுவர விரும்புகிறேன். கையிலிருப்பது 40,000 ரூபாய்.

பழைய பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். நீண்ட இறக்கத்தில் சூடேறிக் கொதித்தால் பிரேக்கே பிடிக்காது என்பதால், அதையும், மிதியின் அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரையும் வீல் சிலிண்டர்களையும் முதலில் மாற்றிவிடுவேன். அதில் எனக்குத் தயக்கமில்லை.

குழப்பமெல்லாம் ஸ்டீயரிங்கில்தான். முன்சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரிகிறது. மகன் பிரேக்கை அழுத்திப் பிடித்தபோதும் அது நிற்கவில்லை என்பதால், வீல் பேரிங் அல்ல, ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பினின் பேரிங்தான் தேய்ந்திருக்கிறது என்று கருதுகிறேன். அதை மாற்றிய பிறகே ஸ்டீயரிங் பெட்டியைப் பிரிப்பது சரியா? முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் எண்ணெய்க் கசிவை, அளவு பார்த்து நிரப்பிக்கொண்டே ஓராண்டு தள்ளிப்போடலாமா? மதுரையில் இவ்வேலையை நன்கறிந்த மெக்கானிக் இருந்தால் தெரிவியுங்கள்.