நாலு பாக்ஸ் டர்ட்டில், தினம் ஒன்றரை மணி நேர வேலை: குறைக்க வழி உண்டா?

கேள்வி (செயின்ட் லூயிஸ், மிசூரி)

மூன்று விரல் பாக்ஸ் டர்ட்டில் (தரையில் வாழும் ஆமை வகை) நாலு இருக்கின்றன: 2 ஆண், 2 பெண். வீட்டுக்குள் 4க்கு 4 அடி மரப்பெட்டியில் ஒன்றாக. அடியில் 2 அங்குலம் தேங்காய் நார்த்தூள். தண்ணீர் மாற்ற, சுத்தம் செய்ய, காய் நறுக்க என்று தினமும் ஒன்றரை மணி நேரம் போகிறது. இப்போது ஒரு பெண் பத்து நாளாகச் சாப்பிடவில்லை. இரண்டு கண்ணும் வீங்கி மூடிக்கொண்டன. தீனி பெரும்பாலும் ஐஸ்பெர்க் லெட்டூஸ், ஸ்ட்ராபெர்ரி, மீல்வார்ம் (வண்டுப்புழு).

பதில் 1

நேரக் கணக்கு அப்புறம். முதலில் அந்தப் பெண்ணை இன்றே தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள். இந்தத் தீனிக்கு வைட்டமின் ஏ குறைபாடு வரும். கண்ணீர்ச் சுரப்பியின் உள்தோல் தடித்து அடைத்துக்கொள்ளும், இமை வீங்கும். கண் தெரியாத ஆமை இரை தேடாது. அதே குறைபாடு காதிலும் கட்டியை உண்டாக்கும்; தலையின் பக்கவாட்டில் கண்ணுக்குப் பின்னால் உருண்டையாகப் புடைத்திருக்கிறதா பாருங்கள். அதை மருத்துவர் கீறித்தான் எடுக்க வேண்டும்.

வீட்டில் நீங்களாக வைட்டமின் ஏ சொட்டு கொடுக்க வேண்டாம். அளவு மீறினால் தோல் உரிந்து புண்ணாகும். தினம் 15-20 நிமிடம் வெதுவெதுப்பான நீரில், தாடை மட்டத்துக்கு மேல் போகாமல், உட்கார வையுங்கள்.

ரானாவைரஸ் என்ற தொற்று நோயாலும் கண் வீங்கும். வாய்க்குள் வெளிறிய படலம் தெரிந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அதனால் அவளுக்கென்று தனித் தட்டு, தனி இடுக்கி; மற்ற மூன்றையும் கவனித்த பிறகே அவளைத் தொடுங்கள்.

பதில் 2

வேலை கூடுவதற்குக் காரணம் இடம். 16 சதுர அடியில் நாலு பேர் என்றால் எந்த மூலையும் ஒரு நாள்கூடச் சுத்தமாக இருக்காது. 2 அங்குலப் படுகை சீக்கிரம் காய்ந்துவிடும், நாறவும் செய்யும். நார்த்தூளோடு ஆர்க்கிட் பட்டை (ஆர்க்கிட் செடிக்குப் போடும் மரப்பட்டைத் துண்டு) கலந்து 5-6 அங்குலம் போடுங்கள், மேலே காய்ந்த இலை, உள்ளே மரவட்டைப் பூச்சிபோலச் சுருளும் ஐசோபாட். சிறு எச்சத்தை அவை தின்றுவிடும்; பெரியதை மட்டும் எடுத்தால் போதும். ஈரப்பதம் 60-80 சதவீதம்.

தண்ணீருக்குப் பூந்தொட்டியின் அடித்தட்டு, 1½ அங்குல ஆழம், பெட்டிக்கு இரண்டிரண்டு வாங்குங்கள். ஒன்று உள்ளே, ஒன்று கழுவிக் காய்கிறது. தண்ணீரில்தான் கழிக்கும் என்பதால் தினம் மாற்றுவதைத் தவிர்க்க முடியாது.

தீனியை வாரம் ஒரு நாள் தயாரியுங்கள்: பட்டர்நட் பூசணி, சர்க்கரைவள்ளி, டேன்டெலியன் கீரை, காளான், துருவி ஐஸ் தட்டில் உறைய வைக்கலாம். பாதி இது, பாதி மண்புழு, நத்தை. முதிர்ந்தவற்றுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். ஆளுக்கொரு தரை ஓடு (டைல்) வைத்துத் தனித்தனியாகப் போட்டால் யார் சாப்பிடவில்லை என்று அன்றே தெரியும். வாரம் ஒருமுறை சமையல் தராசில் கிராம் கணக்கில் எடை எழுதுங்கள்.

இப்படி வைத்தால் தினம் 25 நிமிடம், ஞாயிறு ஒரு மணி நேரம். அதற்குக் கீழே இறக்கப் பார்த்தால் நோய் கண்ணில் படாமல் போகும்.

பதில் 3

இரண்டு ஆண்களையும் பிரித்து வையுங்கள், ஒன்றையொன்று பார்க்காத தனிப் பெட்டியில். ஆண்கள் கடிப்பார்கள், பெண்களை விடாமல் துரத்துவார்கள். துரத்தப்படும் பெண் ஒளிந்தே கிடந்து பட்டினியாகும். இரண்டு பெண்ணுக்கு ஒரு ஆணே அதிகம் என்பது என் கருத்து.

கேள்வி கேட்டவர்

மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டேன். வசந்தத்தில் வெளியே அடைப்பு கட்டலாமா? ரக்கூன் (கையால் எதையும் திறக்கும் காட்டு விலங்கு) தொல்லை உண்டு. குளிர் உறக்கம்?

பதில் 2

கட்டுங்கள், வெயில் கிடைப்பதால் யூவி (புற ஊதாக் கதிர்) விளக்குச் செலவும் குறையும். சுவர் மண்ணுக்கு மேல் 18 அங்குலம், கீழே 8-10. மூலையில்தான் ஏறித் தப்பும். அங்கே உள்பக்கமாக ஒரு பலகை நீட்டுங்கள். மேலே அரை அங்குலக் கண் வலை, கொக்கியோடு பூட்டு. வெறும் கொக்கியை ரக்கூன் திறந்துவிடும்.

குளிர் உறக்கத்துக்கு முன் மூன்று வாரம் தீனியை நிறுத்தி, ஆனால் வெதுவெதுப்பாகவே வைத்து, குடல் காலியாகட்டும். செரிக்காத உணவு உள்ளே அழுகும். பிறகு 40-50 டிகிரி ஃபாரன்ஹீட். கண் வீங்கியவளை இந்த ஆண்டு உறங்க விடாதீர்கள்: வெயில் காயும் இடத்தில் 85-88 டிகிரி, 12 மணி நேரம் வெளிச்சம். வெளிச்சம் குறைந்தால் மறுபடி சாப்பிடுவதை நிறுத்துவாள்.